விற்றுவிட்ட கார் என்று ஒன்று இல்லை

பழைய கார் வியாபாரம் பாதி இரும்பு, பாதி இலக்கணம்.

"காரை விற்றுவிட்டேன்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். மிகுந்த மன வருத்தத்தோடு இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. 'விடு' என்னும் துணைவினை, செயல் முழுதாக முடிந்ததைக் காட்டுவது. சாப்பிட்டுவிட்டேன் என்றால் இலையை மடித்தாயிற்று என்று பொருள். பணத்தை வாங்கி, சாவியை நீட்டி, கார் தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கிறது என்றால், நடந்தது விற்பனை அல்ல. உங்கள் பெயர் உங்களை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பியிருக்கிறது. அது எங்கே நிற்கும், யாரை இடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தேடி வருகிறவர்களுக்கு மட்டும் உங்கள் வீடு தெரியும்.

தமிழில் முதுகலை படித்தவன் நான். அதனால் ஸ்ரீரங்கத்தில் ஆட்டோ கன்சல்டிங் நடத்துகிறேன். காரைத் தாங்களே நேரடியாக ரொக்கத்துக்கு விற்க நினைப்பவர்களுக்குத் துணைக்கு நிற்பதும் என் வேலைதான். பழைய கார் வைத்திருக்கும் சக பாவிகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஓட்டிப் பார்த்தவர்

ஓட்டிப் பார்க்க வருகிறவரைக் காரோடு தனியே அனுப்பக்கூடாது. பக்கத்து சீட்டில் நான் உட்காருவேன், ஆர்.சி. என் சட்டைப் பையில் இருக்கும். தில்லை நகரில் ஒரு மருந்துக்கடைக்காரரின் கார். நடுப்பகலில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர் ஒருவர் விளம்பரம் பார்த்து வந்தார். அந்தக் காரில் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி சுலபத்தில் இறங்காது. கதவின் கீழ்ப் பக்கம் ஓர் அறை கொடுத்தால்தான் இறங்கும். இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அறைந்துவிட்டார். கண்ணாடி இறங்கியது.

காவிரிப் பாலத்தைத் தாண்டினார். திருவானைக்காவலில் ஒரு சந்துக்குள் திருப்பினார். அங்கே ஒரு வீட்டின் கேட் திறந்து கிடந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடைவெளி. ஒரே மூச்சில் உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார். பெயரைக் கேட்டேன். சொன்னார். என் சட்டைப் பையில் இருந்த ஆர்.சி.யிலும் அதே பெயர். "முதல் ஓனர் எங்க இருக்கார்னே தெரியாது சார். நான் ரெண்டு கை மாறி வாங்கினது" என்று மருந்துக்கடைக்காரர் காலையில் சொன்ன அதே ஆள். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தார்.

"ஒம்பது வருஷமா என் பேரை வச்சுக்கிட்டு எங்கெங்கயோ போயிட்டிருந்துச்சு சார். இன்னிக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்கு."

தேதி போடாத கையெழுத்து

அந்தக் காரை அங்கிருந்து வெளியே எடுக்க நான்கு நாள் பேச வேண்டியிருந்தது. பெயர் மாறாமல் எந்தக் காரையும் இனி வாசல் தாண்ட விடுவதில்லை என்று அப்போது முடிவு செய்தேன். அதை ஒரே ஒரு முறை மீறினேன். இனி வருவதெல்லாம் அந்த ஒரு முறை.

உத்தர வீதி வைதேகி மாமியின் கணவர் ராகவன் மாமா காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய வெந்தய நிறக் காருக்கு, அவருடைய பழைய வேட்டிகளையே மூட்டித் தைத்து உறை போட்டிருந்தார்கள். காற்று புகுந்தால் அது மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். மாமி ஒரு கடித உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பெயர் மாற்றத்துக்கான படிவங்கள். மாமா உயிரோடு இருந்தபோதே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். வாங்குகிறவர் பெயரும் தேதியும் மட்டும் காலி. எங்கள் தொழிலில் இதற்கு 'ஓப்பன்' என்று பெயர். பல பேருடைய நிம்மதியைக் கெடுத்த பழக்கம்.

"நான் இருந்தாலும் இல்லாட்டாலும் வண்டி நிக்கப்படாதுன்னு போட்டு வச்சார். தேதிதானே பாக்கி? போட்டுடுங்கோ" என்றார் மாமி.

இன்றைய தேதியைப் போட்டால், எட்டு மாதம் முன்பு இறந்தவர் இன்று கையெழுத்துப் போட்டதாக ஆகும், அது மோசடி என்று விளக்கினேன். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, முதலில் மாமி பெயருக்கு மாற்றி, பிறகுதான் விற்க வேண்டும். மாமி யோசித்தார். "சரி, அவரைக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று உள்ளே போனார். பேச்சுவாக்கில் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் போன் வந்தது.

"தேதி போட வேண்டாம்கறார்."

துண்டுக்கு அடியில்

வாங்க வந்தவர் வீரமலை. மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர். தோளில் பச்சைத் துண்டு. குளிக்கும்போது தவிர அது இறங்காது என்று அவரே சொன்னார். விலையை வாயால் பேச மறுத்துவிட்டார். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு, அதற்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேரம் பேசுவார்கள். பிடித்த விரல்களின் எண்ணிக்கைதான் விலை. சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. துண்டுக்கு அடியில் முடிந்ததை யாரும் மாற்றக்கூடாது.

"ஒண்ணு நாப்பது வந்தாப் போறும்" என்று மாமி என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். அவர் கூடத்தில் ஊஞ்சலில் இருந்தார். வாசலில் நானும் வீரமலையும் மட்டும். துண்டுக்குள் கை விட்டேன். லட்சத்துக்கு ஒரு விரலைப் பிடித்து விட்டேன். பிறகு நாற்பதாயிரத்துக்குக் கட்டைவிரலைத் தவிர்த்து நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்தேன். வீரமலை ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். "சரிண்ணே, ஒன்னரை" என்று துண்டை உருவினார். நான் நாற்பதுதானே பிடித்தேன் என்றேன். என் தொழிலில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னது அதுதான் முதல் முறை.

"நாலு நீங்க புடிச்சீங்க, சரி. கட்டை வெரலைப் புடிச்சது யாருண்ணே?" என்றார் வீரமலை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "சில்லுனு இருந்துச்சு."

உள்ளிருந்து ஊஞ்சல் நிற்கும் சத்தம் கேட்டது. மாமி சொன்னார்:

"ஒண்ணரைக்குக் குறைஞ்சு குடுக்கப்படாதுன்னு அவர் சொல்லிண்டேதான் இருந்தார்."

கயிறு

பேரம் முடிந்தால் மாடு அன்றைக்கே கைமாற வேண்டும். பழைய கொட்டிலில் இன்னொரு பொழுது நிற்கக்கூடாது என்பது வீரமலையின் கட்சி. நான் வழுக்கிய இடம் இதுதான். பணத்தை வங்கியிலேயே கட்ட வைத்தேன். அவருடைய லைசென்ஸ் நகல் வாங்கினேன். காரோடு நிற்க வைத்துப் படம் எடுத்தேன். தேதி, நேரம், கார் ஓடியிருந்த கிலோமீட்டர் எல்லாம் எழுதி டெலிவரி நோட்டில் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். எல்லாம் சரி. பெயர் மட்டும் மாறவில்லை. வாரிசுச் சான்றிதழ் வரும்வரை அந்தக் கார் யார்மேல் மோதினாலும் நஷ்டஈட்டு வழக்கு ராகவன் மாமா பெயரில் வரும். அவர் போக முடியாது. மாமி போக வேண்டும். பதில் சொல்ல அவரிடம் இருப்பது அந்த உத்தர வீதி வீடு ஒன்றுதான்.

மாட்டை விற்றவர் பழைய கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வார். வாங்கியவர் புதுக் கயிறு போடுவார். காரில் எது கயிறு என்று வீரமலை கேட்டார். பெயர்தான் என்றேன். அது நடக்க நாளாகும் என்பதால், டாஷ்போர்டில் இருந்த பெருமாள் படத்தையும் சாவி வளையத்தையும் மாமி கழற்றி வைத்துக்கொண்டார். வெறும் சாவியை வாங்கிக்கொண்ட வீரமலைக்குத் திருப்தி இல்லை.

"பழைய கயித்தோட கெடக்குற மாடு, யாரு ஓட்டுனாலும் பழைய ஆளுக்குத்தாண்ணே திரும்பும்."

நாள் சரியில்லை

மூன்று மாதத்தில் வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகனின் சம்மதக் கடிதமும் வந்தது. மாமி ஒரு கையெழுத்துப் போட வேண்டும். முதல் முறை போனேன், அஷ்டமி. அடுத்த முறை நவமி. மூன்றாவது முறை ஏகாதசி. மாமி கையெழுத்தைக்கூட உபவாசத்தில் சேர்த்துவிட்டார். இதற்கிடையே ஒரு நாள், மணப்பாறைக்குப் பக்கத்தில் திண்டுக்கல் சாலையில் வெந்தய நிறக் கார் ஒன்று ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டது என்று மெக்கானிக் ஒருவர் சொன்னார். வீரமலையைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஐந்து முறை. உத்தர வீதிக்கு ஓடினேன்.

மாமி அசரவில்லை. "அது வேற வண்டியா இருக்கும். இவர் உப்பிலியபுரத்துல இருக்கார்" என்று மாமாவின் பழைய போனை எடுத்துக் காட்டினார். சார்ஜ் முழுதாக இருந்தது. போக்குவரத்து அபராதச் செலான் செய்திகள் வரிசையாக இருந்தன, ஆர்.சி.யில் மாமாவின் எண்தானே இருக்கிறது. மணப்பாறை, அரியமங்கலம், மறுபடி மணப்பாறை, அரை மணி நேரம் முன்பு உப்பிலியபுரம். எல்லாம் ஒரே குற்றம்: சீட் பெல்ட் அணியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து மாமி ஒவ்வொன்றுக்கும் அபராதம் கட்டியிருக்கிறார். கடைசிச் செலானில் இருந்த சாலைக் கேமரா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்தில் கண்ணாடியின் வெளிச்சம் அடித்திருந்தது. வெள்ளைச் சட்டை. குறுக்கே பெல்ட் இல்லை. தோளில் துண்டும் இல்லை.

நான் வாசலுக்கு வந்ததும் வீரமலையே போனில் கூப்பிட்டார். உப்பிலியபுரத்தில்தான் இருந்தார். நான் திட்டியதற்கு, "குலசாமி மேல சத்தியமா பெல்ட் போடாம நான் ஒரு அடி நகர்ந்ததில்லண்ணே" என்றார். திரும்பிப் போய் மாமியிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அவர் என்னிக்குப் பெல்ட் போட்டார்? வயிறு அமுங்கறதும்பார்."

போன் இங்கே இருக்கு

அதற்குப் பிறகு அவரிடம் கையெழுத்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெயர் மாறினால் செய்திகள் நின்றுவிடும். ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தக் கார் யாரோ ஒருவருடைய பிள்ளையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எங்காவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே எனக்கு உத்தர வீதி வீடு ஞாபகம் வந்தது. பயத்தில் வீரமலைக்கு நேரம் காலம் இல்லாமல் போன் செய்வேன். வேகமாகப் போகாதீர்கள், ஓரமாகப் போங்கள் என்று உபதேசம் செய்வேன்.

ஒரு வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கு மாமியே கூப்பிட்டார். உடனே வரவேண்டும் என்றார். போனபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்திருந்தார். "எங்க போடணும்?" என்றார். காட்டிய இடத்திலெல்லாம் அழுத்திக் கையெழுத்துப் போட்டார். கடைசித் தாள் கிழிந்தே போயிற்று. அன்றைக்கு அஷ்டமி. நான் அதைச் சொல்லவில்லை. போனை என் பக்கம் தள்ளினார். புதிய செலான். காலை பத்து நாற்பது, மணப்பாறை. குற்றம்: வாகனம் ஓட்டும்போது செல்போனில் பேசியது.

"அவர் போன் எங்கிட்ட இருக்கு. அப்போ எந்தப் போன்ல, யாரோட பேசிண்டிருக்கார்?"

பெயர் மாறியது

அன்று காலை பத்து நாற்பதுக்கு, சாலையில் கவனமாக இருக்கும்படி வீரமலைக்குப் போனில் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். மாமியிடம் இதை நான் சொல்லவில்லை. இனியும் சொல்வதாக இல்லை.

மாமி பெயருக்கு மாறி, அங்கிருந்து வீரமலை பெயருக்கும் மாறி, ஆர்.சி. வந்து சேர்ந்தது. வீரமலை என் கடைக்கே வந்து வாங்கிக்கொண்டார். தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, புதுச் சாவி வளையம் ஒன்றைக் கோத்துக்கொண்டார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். தோளில் துண்டு இருந்தது. கையில் இருந்த போனை என் முன்னால் வைத்தார். அவருடைய எண்ணுக்கு, அவருடைய பெயருக்கு வந்த முதல் செலான். வெள்ளைச் சட்டை. பெல்ட் இல்லை. துண்டு இல்லை.

"கயிறு மாத்தியாச்சு. இது யாருண்ணே இன்னும் எறங்காம ஒக்காந்திருக்கிறது?"

ஆகவே, பழைய கார் விஷயத்தில் 'விற்றுவிட்டேன்' மட்டுமல்ல, 'வாங்கிவிட்டேன்' என்பதும் பிழை என்று திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவின் போனுக்கு மாமி ரீசார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டார். வீரமலை அபராதத்தைக் கட்டினார்.