மகன் எடுக்கவில்லை என்றார்

ஒன்றும் தெரியாதவர்களை நான் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. தெரிந்தவர் வேடம் போட்டவர்களை இன்றுவரை மன்னிக்கவும் இல்லை. அவர்களில் முதல் ஆள், வவுனியாவில் தொலைபேசிக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி.

இரண்டாயிரத்து ஒன்றில், வட்டக்கச்சியிலிருந்து அம்மாவின் கண்ணைக் காட்ட வந்திருந்தோம். வவுனியாவில் தங்க ஆமி தந்தது ஏழு நாள் பாஸ். டொக்டர் ஆறாம் நாள் வரச் சொல்லியிருந்தார். அதற்குள் கனடாவிலிருக்கும் அண்ணாவின் மறுமொழியையும் வாங்கிவிட அம்மா ஆசைப்பட்டார். இரண்டு வருடமாக அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. அவனுடைய ஈமெயில் முகவரி மட்டும் ஒரு சொந்தக்காரர் மூலம் கிடைத்திருந்தது.

முதலாளியின் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போடக்கூடாது. கீபோர்ட்டுக்குப் போர்த்தப் பூப்போட்ட துவாய். நான் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தட்டி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில், நேரம் கடந்துவிட்டது என்று திரையில் ஓர் ஆங்கில வரி. மூன்று நாள் போனோம். மூன்று நாளும் அதே வரி.

முதலாளி சுழல் கதிரையில் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

“அம்மா, மணி அடிக்குது. மகன் எடுக்கிறார் இல்லை.”

“சுகமில்லையோ தெரியாது, தம்பி.”

“மூண்டு நாளுமோ? வேணுமெண்டுதான் விடுறார். வெளிநாடு போனால் உப்பிடித்தான்.”

வருடக்கணக்காக அழைப்பு எடுத்துக் கொடுத்தவர். மறுமுனையில் ஆள் வந்து நின்றால்தான் எதுவும் போய்ச்சேரும் என்று நம்பிய மூளை அது. அதன் மேலே எண்ணெய் வைத்து வாரிய தலை மட்டும் திறம்.

அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு, “வா, வீட்டை போவம்” என்றார். டொக்டரைப் பற்றிக் கேட்டேன். “இனி ஆரைப் பாக்கிறதுக்குக் கண்?” என்றார். மறுநாளே திரும்பிவிட்டோம்.

அடுத்த வருடம் சண்டை நின்று பாதை திறந்தபின் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். அங்கேதான் விளங்கியது. நம் கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுவிட்டு, தான் வைத்த கெடு மட்டும் காத்திருக்கும், பிறகு விட்டுவிடும். மறுபக்கம் ஏன் பேசவில்லை என்று அதற்குத் தெரியாது. அன்றைக்குப் பேசாமல் இருந்தது அண்ணாகூட இல்லை, ஈமெயிலை வாங்கி அனுப்ப கொழும்பில் எங்கோ இருந்த ஒரு தபால் கம்ப்யூட்டர். கடிதம் அந்தச் செருப்பில்லா அறையை விட்டே வெளியேறவில்லை. முதலாளியை நம்பிய என்மேலும் எனக்கு வெறுப்பு வந்தது.

வகுப்பிலிருந்தே அண்ணாவுக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. வட்டக்கச்சிக்குத் தபாலில் மூன்று கடிதம் போட்டானாம், ஒன்றுக்கும் மறுமொழி இல்லையாம். அம்மா தன்னை வேண்டாமென்று விட்டுவிட்டார் என்று அவனும் இருந்துவிட்டானாம்.

அதைத் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“நீயே வாசி பிள்ளை. எனக்கு எழுத்துத் தெரியேல்லை.”