ஊரில் இல்லாத கோதாவரி

சோஜர்பாய் இப்போதெல்லாம் பெண்களிடம் இரண்டு பெயர் கேட்கிறாள். புகுந்த வீட்டுப் பெயர் ஒன்று, பிறந்த வீட்டுப் பெயர் ஒன்று. பிம்பள்வாடியில் இதற்காக அவளைக் கேலி செய்யாத வீடு கிடையாது. "என்ன சோஜரக்கா, எங்களுக்கு மறுபடி கல்யாணம் பண்ணி வைக்கப் போறியா?" என்று குழாயடியில் கேட்பார்கள். அவள் சிரிப்பதில்லை. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்பாள்.

ஊரின் சுகாதாரப் பணியாளர் அவள்தான். பிரசவமோ தடுப்பூசியோ வயிற்றுப்போக்கோ, எல்லாம் அவள் தலையில். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால், தசரா நெருங்கும்போது, டவுனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முப்பது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒரு சின்ன பிரஷ், ஒரு சின்னக் குப்பி, அவ்வளவுதான். புற்று வருவதற்குப் பல வருஷம் முன்பே தெரிந்துவிடும், அப்போதே தடுத்துவிடலாம் என்றார்கள்.

ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தசரா முடிந்தால் பாதி ஊர் கரும்பு வெட்டக் கிளம்பிவிடும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால்தான் அங்கே ஒரு அரிவாள் என்று கூலிக் கணக்கு. நோய்க்காரி என்று பேரெடுத்தவளை எந்த மேஸ்திரி லாரியில் ஏற்றுவான்? சோஜர் கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் தன் ஓர்ப்படி சுரேகாவை முதல் ஆளாகப் பரிசோதனை நடந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களைக் கூட்டிவரக் காட்டுப் பக்கம் ஓடினாள். சோஜர் வீட்டுப் பெண்ணே போய்விட்டாள், நமக்கென்ன என்று மற்றவர்களும் வந்தார்கள். யாருக்காவது ஏதாவது இருந்தால் தானே வீடு தேடி வந்து சொல்வதாகவும், தான் வராவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் என்றும் எல்லோருக்கும் சோஜர் வாக்குக் கொடுத்தாள்.

லாரிகள் கிளம்பிக்கொண்டிருந்த வாரத்தில் முடிவு வந்தது. நாற்பத்தொரு பேரில் மூன்று பேருக்கு வைரஸ். ஒருத்தியை வீட்டில் பிடித்தாள், இன்னொருத்தியை லாரியிலிருந்தே இறக்கினாள். இருவரையும் டவுனுக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்த்தாயிற்று. இன்றைக்கும் இருவரும் நன்றாகக் கரும்பு வெட்டுகிறார்கள். மூன்றாவது பெயர், கோதாவரி ஷிண்டே. போன் நம்பர் கிடையாது. அப்படி ஒருத்தியை ஊரில் யாருக்கும் தெரியவில்லை. ஷிண்டே வீடுகள் அத்தனையும் ஏறி இறங்கினாள், பக்கத்து ஊரிலும் விசாரித்தாள். பிறகு அந்தப் பெயருக்கு நேரே 'ஊரில் இல்லை' என்று எழுதித் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். சுரேகாவும் அவள் புருஷன் அங்குஷும் முதல் லாரியிலேயே போயிருந்தார்கள்.

போன மார்கழியில் சுரேகா கரும்புக்காட்டில் விழுந்தாள். ஒரு வருஷமாகவே உதிரம் போய்க்கொண்டிருந்ததாம். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெட்டியிருக்கிறாள். டவுன் ஆஸ்பத்திரியில் புற்று எங்கெங்கோ பரவிவிட்டது, வலிக்கு மருந்து தரலாம், வேறொன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவளைப் பார்க்க அண்ணன் வந்தான். கட்டிலில் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் உடைந்துபோய், "கோதே, என்னம்மா கோதே இது," என்று அழுதான்.

கோதாவரி யார் என்று சோஜருக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்துக் கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை தட்டிலே அரிசியைப் பரப்பி, மோதிரத்தால் பெண்ணுக்குப் புதுப்பெயர் எழுதுவான். அதோடு பழைய பெயர் போயிற்று. அதன் பிறகு அண்ணன் வந்தால்கூட, புகுந்த வீட்டார் காதுபட அந்தப் பெயரைச் சொல்ல மாட்டான். சுரேகா என்ற பெயரைப் பொறுக்கிக் கொடுத்ததே சோஜர்தான். பதினாறு வருஷம் ஒரே அடுப்பில் ரொட்டி தட்டியிருக்கிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள், பாவி.

அண்ணன் மருந்து வாங்கப் போனதும் கேட்டாள். "அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன பேரு குடுத்தே?"

"பொறந்த வீட்டுப் பேருதான் அக்கா. அந்த மாதிரி எடத்துல நோய் கீய்னு வந்துட்டா, உங்க வீட்டுப் பேரு எதுக்குக் கெடணும்னு நெனச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "அப்புறம் நீங்க ஒண்ணும் வந்து சொல்லல. அதனால நிம்மதியா இருந்துட்டேன்."

மறைத்துவிடலாம்தான். சோஜருக்கு மனசு வரவில்லை.

"முடிவு வந்துச்சுடி. கோதாவரி யாருன்னு ஊரெல்லாம் போய்க் கேட்டேன். நம்ம வீட்டுல மட்டும் கேக்கல."

சுரேகா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"என் பேரு உங்களுக்கு மறந்தே போச்சா அக்கா?" என்றாள்.

ஹோலிக்கு முன்னால் அவள் போய்விட்டாள். இறப்புத் தாளில் ஒரு பெயருக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். சோஜர் அதற்குள்ளேயே எழுத்தைச் சின்னதாக்கி இரண்டு பெயரும் எழுதினாள்.