காலித் தட்டுகளைப் பார்த்துவிட்டுப் போன குழு

கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு அடுத்த வீட்டு ஹாஷிம் நானா சொந்தமாக ஒரு சின்ன லொறி ஓட்டுகிறார். வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார். தெருவில் எவனாவது கயிறு தளர்ந்த லொறியோடு போனால் மறித்து ஏசிவிட்டுத்தான் விடுவார். மகன் பாஹிமைப் பொலிஸ் பிடித்த பிறகு அந்த வாய் அடங்கிவிட்டது.

பாஹிமுக்கு வெள்ளவத்தைச் சலூன் ஒன்றில் வேலை. சவரத்தில் கீறிய இடத்துக்குப் பூசச் சீனக்காரம் என்கிற படிகாரத்தை இடித்துத் தூளாக்கி, குட்டிக் குட்டிப் பொட்டலமாக மடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பான். அந்தப் பொட்டலங்கள் சட்டைப் பையில் இருக்க, கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது மாட்டிக்கொண்டான். வெள்ளைத் தூள், சின்னப் பொட்டலம். வேறென்ன வேண்டும் அவர்களுக்கு? தூள் என்னவென்று அரச குற்ற ஆய்வுகூடம் அறிக்கை தரும்வரை விளக்கமறியல்.

ஒவ்வொரு நீதிமன்றத் தவணைக்கும் அறிக்கை வரவில்லை என்றார்கள். இயந்திரம் பழுதாம், ஆள் போதாதாம். சலூனுக்குப் போகிற எவனுக்கும் தெரிந்த சீனக்காரத்துக்காக ஒரு பிள்ளை உள்ளே கிடக்கிறான், இவர்களுக்கு ஆறுதலாகத் தேநீர் குடிக்க நேரம் இருக்கிறது.

பிறகு, ஆய்வுகூடத்தைப் பார்வையிட அமைச்சிலிருந்து மேற்பார்வைக் குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. ஹாஷிம் நானாவின் மனைவி ஷபீகா எங்களுக்கு வட்டிலப்பம் அனுப்பினார்.

"இனி எல்லாம் சரி வரும் மாஸ்டர். மேல உள்ளவங்களே பாக்க வாராங்க," என்றார் நானா.

குழு வருவதற்கு முதல் நாள் நானாவுக்கு ஒரு வாடகை ஓட்டம் கிடைத்தது. ஆய்வுகூடத்திலிருந்துதான். அலுமாரித் தட்டுகளில் தேங்கிக் கிடந்த, இன்னும் சோதிக்காத பொட்டலங்களைப் பெட்டி பெட்டியாக ஒருகொடவத்தையில் ஒரு பழைய களஞ்சியத்துக்கு மாற்ற வேண்டுமாம். நானாவுக்கு விளங்கிவிட்டது. என் மகனுடையதும் இதற்குள் இருக்குமே, எடுக்கமாட்டேன் என்று மறுத்திருக்கிறார். அங்கிருந்த அதிகாரி தோளில் கைபோட்டு, குழு திருப்தியோடு போனால்தான் புது இயந்திரம் கிடைக்கும், வந்ததும் உன் மகனுடையதை முதலில் பார்ப்போம் என்று சிங்களத்தில் தேன் தடவிச் சொன்னாராம். நானா ஏற்றினார். தகப்பனின் ஆசையையே பிடித்து இழுத்து வேலை வாங்கிய அந்தக் கையை நினைத்தாலே எனக்கு அருவருக்கிறது.

குழு வந்தது. வாசலில் புதுப் பூச்சட்டிகள், மேசையில் ரோல்ஸும் கேக்கும். காலித் தட்டுகளைப் பார்த்து, தேக்கம் எதுவும் இல்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். மற்ற அறையை, போன மாத வேலையை, ஒரு கைதியின் பெயரைக்கூட எவரும் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் வேறு பல்லிளித்தார்கள். சீ, இதற்குப் பெயர் மேற்பார்வை!

தேக்கமே இல்லாத இடத்துக்குப் புது இயந்திரம் எதற்கு? அது வரவில்லை. பெட்டிகளைத் திருப்பி எடுக்கவும் யாரும் போகவில்லை. மழை வந்தது, களஞ்சியத்துக் கூரை ஒழுகியது.

அடுத்த தவணையில் அறிக்கை வந்தேவிட்டது. லொறியில் பெட்டிகளோடு களஞ்சியத்துக்கு அனுப்பிய மாதிரி அங்கே நனைந்து கரைந்துவிட்டதால் சோதிக்க இயலாது என்று வாசித்தார்கள். கைவசம் மிச்சமிருந்த பொட்டலங்களை அதே ஆய்வுகூடத்துக்கு அனுப்பப் பொலிஸ் தவணை கேட்டது. தவணை கொடுத்தார்கள். பாஹிமைத் திரும்ப உள்ளே கொண்டுபோனார்கள்.

சிறையில் அவனைப் பார்க்க நானாவோடு நானும் போனேன். கம்பிவலைக்கு அப்பால், வலையில் கை வைத்தபடி மெலிந்து நின்றான். அவன் ஆய்வுகூட அதிகாரிகளைப் பற்றியும் கேட்கவில்லை, குழுவைப் பற்றியும் கேட்கவில்லை.

"அந்தப் பெட்டியெல்லாம் ஏத்திக்கிட்டுப் போன லொறிக்காரன் யாரு வாப்பா? அவனுக்கும் புள்ளகுட்டி இல்லியா?" என்றான்.

நானா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான்தான் மகன்," என்றார்.

பாஹிம் வலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.