கல்லொட்டி மீனைத் தேடி ஆழியாறு வரை

நானும் என் கணவர் சலீமும் கோயமுத்தூரில் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். ஓடைப் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் கல்லொட்டி மீனின் மரபணுவை முழுதாகப் படித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. அவர் சேர்த்துவைத்த மாதிரிகளும் போன கோடையில் குளிர்பெட்டி பழுதாகிக் கெட்டுப்போயின. டி.என்.ஏ. இழை நொறுங்கிவிட்டால் படிக்க முடியாது, புதிதாகப் பிடித்த மீன் வேண்டும். ஜூன் கடைசியில், வனத்துறையின் அனுமதிக் கடிதமும் டிரை ஐஸ் பெட்டியுமாக நானே கிளம்பினேன்.

உக்கடத்தில் காலை 5.40க்குப் பொள்ளாச்சி பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம், டிக்கெட் 35 ரூபாய். வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், கிணத்துக்கடவு தாண்டியதும் மலை தெரியும். சலீம் அந்த இடத்தில் என்னை எழுப்பிவிடுவார். இந்த முறை நான் தூங்கவே இல்லை. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு இன்னொரு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஓடைக்கு ஆட்டோ, ஐந்து கிலோமீட்டர், 150 ரூபாய்.

முன்பு எங்களுக்கு மீன் பிடித்துக் கொடுத்த பழனிச்சாமி அண்ணன் ஓடைக்கரைத் தோப்பு வாசலில் நின்றிருந்தார். என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, சார் வரலீங்களா?"

அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். சொன்னேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மூன்று மணி நேரம் பாறை பாறையாகத் தடவியும் ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு கரைக்கு வந்தார்.

"வயித்துல சினை இருக்குதுங்க. நீங்க என்ன சொன்னாலும் செஞ்சுபோடறனுங்க."

முழு மரபணுவைப் படிக்க நிறைய டி.என்.ஏ. தேவை; அதற்கு ஈரல் வேண்டும், மீனைக் கொல்லத்தான் வேண்டும். சலீமாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். உண்மையாகவே தெரியவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றிருந்தது. கடைசியில் வால் துடுப்பின் ஓரத்தில் ஒரு துணுக்கை மட்டும் வெட்டி எடுத்தேன். அண்ணன் மீனை அதே பாறையடியில் விட்டார். அது ஒரு கணம் நின்று, பிறகு போய்விட்டது.

அந்தத் துணுக்கில் டி.என்.ஏ. கொஞ்சம்தான் தேறியது. மரபணு வரிசை வந்துவிட்டது, ஆனால் நடுநடுவே ஒட்டாத இடைவெளிகள். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் சலீமுடையது. திரையில் அந்த வெற்றிடங்களைக் காணும்போதெல்லாம், செய்தது சரியா என்று இன்னும் அவரைத்தான் கேட்கிறேன்.

நீங்கள் போவதானால்: அனுமதி வாங்க ஒரு மாதம் முன்பே எழுதுங்கள். டிரை ஐஸ் ஒரு நாளைக்குத்தான் தாங்கும். மழைக்கு முந்தைய மாதங்களில் போனால் சினை மீன் கையில் சிக்காது. முடிந்தால் தனியாகப் போகாதீர்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பேச்சுக்கு ஆள் வேண்டியிருக்கிறது.