சரித்துப் பார்க்க வேண்டிய தகடு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் கல்முனை வீட்டு ஹோலில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் நான் செய்த சின்ன எஃகுத் தகட்டைக் கைக்குள் புரட்டிக்கொண்டே இருந்தேன். "அத வை புள்ள," என்று உம்மா காதுக்குள் சினந்தார்.

"கையில என்ன மகள்?" என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டார். நீட்டினேன்.

"வெறுந் தகடுதானே."

எனக்குச் சுள்ளென்று வந்தது. மிகக் குறுகிய துடிப்புகளாக வரும் லேசரைப் பல கதிர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஒளியலையும் எந்தத் திசையில் அதிர வேண்டும் என்று தனித்தனியாக அமைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எஃகில் பாய்ச்சியிருந்தேன். அந்தத் திசையைப் பொறுத்துத்தான் தகட்டின் ஒவ்வொரு சிறு சதுரக் கட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் விழும். திசை குழம்பிப் பாழான தகடுகள் அங்கே ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. இதையெல்லாம் இவரிடம் எப்படிச் சொல்வது?

"நேரா பாத்தா ஒண்டும் தெரியாது மாமி. ஜன்னல் வெளிச்சத்துக்குச் சரிச்சு, மெல்லத் திருப்பிப் பாருங்க."

திருப்பினார். ஒரு கட்டம் நீலமாக எரிந்து அணைந்தது. பக்கத்துக் கட்டம் பச்சையாக எழுந்தது.

"யா அல்லாஹ்! சாயம் பூசினதா?"

"இல்ல மாமி, வெறும் கோடுதான். அதுல பட்டு வெளிச்சம் நிறம் நிறமாப் பிரியுது."

தகடு கைக்குக் கை போய் வந்தது. அன்று முதல் தடவையாக நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கடைசியில் மாப்பிள்ளையின் உம்மா தகட்டைத் தேநீர்த் தட்டில் வைத்தார். பிறகு என் தாடையைப் பிடித்து, முகத்தை ஜன்னல் பக்கம் சரித்து, மெல்லத் திருப்பினார்.