கதவில் இருக்கும் உறைபனி

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மாரியாயி வீட்டு வாசலில் நிற்கிறேன். எங்கள் வானிலை அலுவலகப் பதிவேட்டில் பாதிப் பக்கம் காலி, சோம்பேறிகள்! கொழுந்து பறிக்கும் இவளோ, உறைபனி விழுந்த ஒவ்வொரு காலைக்கும் ஒரு கரிக்கோடு, வருடத்துக்கு ஒரு வரிசையாகக் கதவில் போட்டு வைத்திருக்கிறாள்.

"இடப்பக்கம் நம்ம லயமுங்க. வலப்பக்கம் ஹட்டன்ல இருக்க என் தங்கச்சி சொன்னது. பொங்கலுக்கு வந்தா மொதப் பேச்சே பனிதான்."

இங்கே கோடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஹட்டனில் நின்றே போய்விட்டன. எந்த ஊர் எவ்வளவு வேகமாகச் சூடேறுகிறது என்று இந்தக் கதவு சொல்கிறது.

பெயிண்ட் வாளியோடு ஒருவன் வருகிறான்.

"தள்ளுங்கக்கா, லயத்துக் கதவெல்லாம் பெயிண்ட் அடிக்கணும்னு தோட்டத்துத் தொரை உத்தரவு."

"அய்யா எழுதி முடிக்கட்டும். அதுவரைக்கும் தொரை வீட்டுக் கதவுக்குப் போயி அடி!"

கடைசிக் கோடுவரை எங்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன். பதிவு செய்தவர் என்ற இடத்தில் மாரியாயி என்று எழுதுகிறேன். இதன்மேல் எவன் பெயிண்ட் அடிக்கிறான் பார்க்கலாம்.