பெனிற்றா தைத்த கொசோதே

லண்டன் எட்மண்டனில் சேலைக்கு பிளவுஸ் தைக்க வேண்டுமென்றால் பெனிற்றாவிடம் போகச் சொல்வார்கள். மன்னாரிலிருந்து நெதர்லாந்து போய், பிறகு கணவர் கிறிஸ்துநாயகத்தோடு இங்கே வந்தவர். பங்குக் கோயிலில் முதல் நன்மை எடுக்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளில் பாதி அவருடைய கைவேலை.

ஐம்பது வயதை நெருங்கும்போது மார்பில் புற்றுநோய் வந்தது. இடது மார்பை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் பிளவுஸ் தைப்பதை விட்டுவிட்டார். மற்றப் பெண்களின் மார்பில் அளவுநாடாவைச் சுற்ற மனம் வரவில்லை. சேலையும் உடுக்கவில்லை. பெரிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்துவிட்டு வருவார். கிறிஸ்துநாயகம் எதுவும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் காத்திருந்த இடத்தில் ஹெலன் அறிமுகமானார். தபால் வேலையில் ஓய்வுபெற்ற ஆங்கிலேயப் பெண். அவருக்குத் தொண்டையில் நோய். கோடைகாலத்தில் வெளிகளில் கூடாரம் அடித்து, பழைய ஜப்பானியர் வாழ்ந்த விதத்தையும் வாள்சண்டை போட்ட விதத்தையும் அதே உடையில் செய்து காட்டும் ஒரு குழுவில் அவர் இருந்தார். சிகிச்சை முடிந்த பிறகு ஒருநாள், தோள் கிழிந்த உடை ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். அதன் பெயர் கொசோதே. கிமோனோவுக்கு முன்னோடி.

பெனிற்றா அதை மேசையில் விரித்துப் பார்த்தார். எல்லாமே நேராக வெட்டிய துண்டுகள். மார்புக்கென்று ஒரு மடிப்புக்கூட இல்லை.

"மார்பு அளவு எடுப்பதில்லையா?" என்று கேட்டார்.

"தேவையில்லை. மார்பு தட்டையாகத் தெரிந்தால்தான் இந்த உடைக்கு அழகு. நானெல்லாம் துவாயைச் சுற்றித் தட்டையாக்க வேண்டும்," என்ற ஹெலன், சொல்லி முடித்ததும் முகம் சிவந்துபோனார்.

பெனிற்றா சிரித்துவிட்டார். பக்கத்து அறையிலிருந்த கிறிஸ்துநாயகம் அந்தச் சிரிப்பைக் கேட்டு எழுந்து வந்து வாசலில் நின்றார்.

கிழிசலைத் தைத்துக் கொடுத்த கையோடு பெனிற்றா தனக்கும் ஒன்று தைக்கத் தொடங்கினார். செங்கல் நிறப் பட்டு. தோளிலும் கீழ்க்கரையிலும் பனி படிந்த இலைகள். முறுக்காத பட்டு நூலால் பூத்தையல் போட்டு அவற்றை நிரப்ப வேண்டும். கீமோவில் விரல்நுனிகள் மரத்திருந்ததால் நூல் அடிக்கடி பிசிறியது, ஊசி நழுவியது. கிறிஸ்துநாயகம் வேலையால் வந்ததும் தானாகவே ஊசிகளில் நூல் கோத்து, குத்துப்பஞ்சில் வரிசையாகக் குத்தி வைப்பார். குளிர்காலம் முழுவதும் இப்படியே போனது.

யூன் மாதத்தில் லண்டனுக்கு வெளியே கென்ற் பக்கம் ஒரு வெளியில் ஹெலனின் குழு கூடியது. உடை மாற்றக் கூடாரத்துக்குள் போன பெனிற்றா, சற்று நேரத்தில் கணவரைக் கூப்பிட்டார்.

"இஞ்சேருங்கோ, உள்ளுக்கு வந்து இந்த இடுப்புப் பட்டியை ஒருக்காப் பிடியுங்கோ."

சத்திரசிகிச்சைக்குப் பிறகு பெனிற்றா குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் உடை மாற்றுவார். இப்போது உள்ளே அணிந்திருந்த வெள்ளை உடை ஒரு பக்கம் விலகியிருந்தது. தழும்பு தெரிந்தது. அவர் அதை மூடவில்லை.

"நோகுதா?" என்று கிறிஸ்துநாயகம் கேட்டார்.

"இல்லை. மரத்துப்போச்சு."

"கேக்கப் பயந்துகொண்டு இருந்தனான்."

"தெரியும்."

கிறிஸ்துநாயகம் வெள்ளை உடையைச் சரிசெய்து, அதன் மேல் கொசோதேயை இழுத்துப் பொருத்தி, பட்டியைக் கட்டினார். முடிச்சு கோணலாக வந்தது. அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"வடிவா இருக்கு."

"உடுப்போ?"

"நீர்."

பெனிற்றா வெளியே போய்ப் பாயில் ஹெலனுக்குப் பக்கத்தில் இருந்தார். பார்க்க வந்த பெண்கள் குனிந்து இலைகளைத் தொட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் தையலைக் காட்டிக்கொண்டே மாலைவரை நிமிர்ந்து இருந்தார்.

இந்தக் குளிர்காலத்தில் அவர் கணவருக்கும் அதே மாதிரி ஓர் ஆண் உடை தைக்கிறார். அதை உடுத்துக் குழுவோடு சேர கிறிஸ்துநாயகம் ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார்.

"சண்டை கிண்டை பிடிக்க என்னால ஏலாது. தேத்தண்ணி ஊத்துறன்."